விதி மாறினால் கோல்கீப்பரின் உடம்பும் மாற வேண்டியிருக்கிறது

பல வருடங்களாக அமெச்சூர் ஐஸ் ஹாக்கியில் கோல் காத்து வருகிறேன். விதி மாற்றம் என்றால் என்ன என்பதை எனக்குப் புரியவைத்தது நெஞ்சுக் கவசம்தான். 2018-19 சீசனில் வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல். அந்தக் கவசத்தை ஒவ்வொரு கோல்கீப்பரின் உடலளவுக்கும் ஏற்ப இறுக்கியது. தோளிலும் கையிலும் துருத்திக்கொண்டிருந்த பகுதிகள் போயின. கொஞ்ச நாளில் அதே அமைப்பில் செய்தவை கடைக்கும் வர, என் பழைய கவசம் கிழிந்ததும் நானும் மாறினேன்.

முதலில் வந்தது வலி. முன்கையும் தோள்பட்டையும் கன்றிப்போகும். வலியையாவது பொறுத்துக்கொள்ளலாம், முன்பு தோளில் பட்டு மேலே பறந்த பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) இப்போது நேராக வலைக்குள் போனது. பக் கிளம்பும் முன்பே முழங்காலில் விழுந்து கால்களை விரித்து அடைக்கும் பட்டர்ஃப்ளைக்கு நான் பழகியவன். பழைய கவசத்தின் பெரிய தோள்கள் இருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் விழ முடிந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. இப்போது ஒரு கணம் கூடுதலாக நின்று, பக் கிளம்பும் உயரத்தைப் பார்த்த பிறகே இறங்குகிறேன்.

விழுவதே ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. 1917-ல் என்.ஹெச்.எல். தொடங்கியபோது பக்கைத் தடுக்க கோல்கீப்பர் ஐஸில் விழுந்தால் தண்டனை உண்டு. ஒட்டாவா அணியின் கோல்கீப்பர் கிளின்ட் பெனடிக்ட் ஏதோ தடுமாறி விழுந்தவர்போல விழுந்து விழுந்து தடுத்தார். நடுவர் எத்தனை முறைதான் சந்தேகப்படுவார்? 1918 ஜனவரியிலேயே அந்த விதியைத் தூக்கிவிட்டார்கள். இன்று நாங்கள் ஆடும் ஆட்டம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

2005-ல் வந்த மாற்றங்கள் வேறு மாதிரி. கால் பேடின் அகலம் 12 அங்குலத்திலிருந்து 11 ஆனது. வலைக்குப் பின்னால் சரிவக வடிவில் ஒரு கோடும் வந்தது. கோல் கோட்டுக்குப் பின்னால் அந்தச் சரிவகத்துக்கு வெளியே கோல்கீப்பர் பக்கைத் தொட்டால் அணிக்கு 2 நிமிடத் தண்டனை. மூலைக்கே போய்ப் பக்கை எடுத்துத் தன் ஆட்களிடம் தள்ளிவிடும் கோல்கீப்பர் மார்ட்டின் ப்ரோடரை மனதில் வைத்து வந்த விதி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்படி ஒரு திறமைக்கு வேலி போட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 2014-ல் இருபுறமும் 2 அடி அகலப்படுத்தினார்கள். எனக்கு அது போதாது.

அந்தக் கோடு உள்ள அரங்கில் ஆடியபோது என் வேலையே மாறிவிட்டது. மூலைக்குப் போகும் பக்கை விட்டுவிட வேண்டும். அரங்கின் சுற்றுப் பலகையை ஒட்டி வரும் பக்கை மட்டும் வலைக்குப் பின்னால் நிறுத்தி வைத்துவிட்டு, தடுப்பாட்டக்காரருக்குக் குரல் கொடுத்துத் திரும்பிவிடுவேன். எதிராளி எவ்வளவு தூரத்தில் வருகிறார், எந்தப் பக்கம் திரும்பலாம் என்று அவருக்கு நான்தான் கண். ஸ்டிக்கைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம்.

இப்போது பயிற்சியில் பெரும்பாலான நேரம் கோல் கம்பத்தை ஒட்டிய ஆட்டத்துக்கே போகிறது. கம்பத்தோரக் காலைத் தரையோடு படுக்கவைத்து அடைக்கும் ரிவர்ஸ் வி.ஹெச்.-ஐ நானும் பயன்படுத்துகிறேன். கவசம் சிறுத்த பிறகு, அந்த நிலையில் தோளுக்கும் மேல்கம்பிக்கும் நடுவே உள்ள சந்து நன்றாகவே தெரிகிறது; குறிபார்த்து அடிப்பவர்கள் அங்கேதான் அடிக்கிறார்கள். பக் வலைக்குப் பின்னால் இருந்தால் மட்டுமே அப்படி இறங்குகிறேன். கோல் கோட்டுக்கு முன்பக்கம் வந்துவிட்டால் நின்றபடியே கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.