மழைக்காலத்தில் நிலத்தடி நீர் 1 மீட்டருக்கு ஏறும் இடம்: இரட்டைக் குழியா, உலர் கழிப்பறையா, செப்டிக் டேங்கா?

கரைமேடு:
தாழ்வான குடியிருப்பு ஒன்றுக்கு வீட்டுக்கு வீடு கழிப்பறை திட்டமிடுகிறோம். கோடையில் நிலத்தடி நீர் 3 மீட்டருக்குக் கீழே கிடக்கும். அடைமழை நாட்களில் தரையிலிருந்து 1 மீட்டர் ஆழத்துக்கு ஏறிவிடும். மண் களி கலந்த வண்டல். வீட்டுக்கு 6 பேர், எல்லோரும் தண்ணீரில் கழுவுகிறவர்கள். குடிநீர் அடிபம்பிலிருந்து. சந்துகளுக்குள் கழிவு உறிஞ்சும் லாரி வராது. இரண்டு குழி தோண்டினால் போதும் என்கிறார்கள் சிலர், செப்டிக் டேங்க்தான் நிலைக்கும் என்கிறார்கள் சிலர். அளவுகளோடு சொல்ல முடியுமா?

செங்கல்வரி:
குழிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். தண்ணீரில் கழுவும் வீட்டில் ஆளுக்கு ஆண்டுக்கு 40 லிட்டர் கசடு சேரும். பாதுகாப்புக்கு 60 என்று வையுங்கள். 6 பேருக்கு 2 ஆண்டில் 720 லிட்டர். உள்விட்டம் 1 மீட்டர் என்றால் அதற்கு 0.92 மீட்டர் ஆழம் வேண்டும். குழாய் வாய்க்கு மேலே 0.3 மீட்டர் சேர்த்தால் மொத்தம் 1.2 மீட்டர். இதே அளவில் இரண்டு குழி, நடுவே குறைந்தது 1 மீட்டர் இடைவெளி. ஒன்று நிரம்பியதும் மற்றதுக்கு மாற்றி, நிரம்பியதை ஆற விட வேண்டும்.

கசடு கொள்வது ஒரு பாதிதான், தண்ணீர் வடிவது மறுபாதி. ஆளுக்கு நாளைக்கு 10 லிட்டர் என்றால் 60 லிட்டர் சுவர் வழியாக மண்ணுக்குள் போக வேண்டும். உங்கள் மண் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் அளவில்தான் உறிஞ்சும். வெளிவிட்டம் 1.2 மீட்டர் சுவரில் கிடைப்பது சுமார் 3.4 சதுர மீட்டர், அதாவது 68 லிட்டர். மயிரிழையில் தேறுகிறது. மழையில் நீர்மட்டம் குழியின் அடியைத் தொட்டால் சுவரின் கீழ்ப்பகுதி வேலை செய்யாது, கழிப்பறைப் பீங்கானில் தண்ணீர் எதிர்த்து வரும். குளியலறைத் தண்ணீரை இதில் விட்டால் கோடையிலேயே வழியும்.

ஆகவே மேடு கட்டித்தான் ஆக வேண்டும். குழியின் அடி தரைக்கு 0.5 மீட்டர் கீழே, விளிம்பு 0.7 மீட்டர் மேலே, சுற்றிலும் 1.5 மீட்டர் அகலத்துக்கு மண்ணை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்குங்கள். நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் இடைவெளி இல்லாததால் அடியைக் கான்கிரீட்டால் மூடி, சுவரைச் சுற்றி 50 செ.மீ. தடிப்புக்கு மெல்லிய மணல் நிரப்ப வேண்டும். மணல் உள்ளே கொட்டாதபடி செங்கல் இடைவெளி 12 முதல் 15 மி.மீ.தான் இருக்கலாம்; வழக்கமான 50 மி.மீ. ஆகாது. அடிபம்பு 15 மீட்டருக்குள் இருந்தால் அந்த வீட்டுக்கு இந்த வகையே வேண்டாம்.

பெரும்பாலும் கெடுவது, குழாய் இரண்டு குழிக்கும் பிரியும் சந்திப்புத் தொட்டியில். கொத்தனார் இரண்டு வாயையும் திறந்தே விட்டு மேலே பூசிவிடுவார். இரண்டு குழியும் சேர்ந்து நிரம்பும், ஆற விட ஒன்றும் மிஞ்சாது. ஒரு வாயைச் செங்கல் வைத்து அடைத்து, மூடியைத் தூக்கும்படி விடுங்கள். பீங்கான் சரிவு 25 முதல் 28 டிகிரி, நாற்றம் மேலே வராமல் தடுக்கும் நீரடைப்பு 20 மி.மீ. என்றால் 2 லிட்டரில் கழிவு போய்விடும். குழாய்ச் சரிவு 15க்கு 1.

உலர்மண்:
பம்புக்கு அருகிலுள்ள வீடுகளுக்குத் மலம் சேர தரைக்கு மேலே இரண்டு அறை கொண்ட, சிறுநீர் பிரிக்கும் உலர் கழிப்பறை பொருந்தும். அறை 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 0.8 மீட்டர் உயரம். ஆளுக்கு ஆண்டுக்குச் சாம்பலோடு 100 லிட்டர் என்றால் 6 பேருக்கு ஓராண்டு தாங்கும். உங்கள் மக்கள் தண்ணீரில் கழுவுகிறவர்கள் என்பதால் கழுவ மூன்றாவது இடம் தனியாக வேண்டும்; அந்தத் தண்ணீர் பம்புக்கு எதிர்ப்புறம் செடிப் பாத்திக்குப் போகட்டும். மல அறைக்குள் தண்ணீர் விழுந்தால் அன்றைக்கே நாற்றமும் புழுவும்தான்.

ஒவ்வொரு தடவையும் ஒரு குவளை சலித்த சாம்பல். நிரம்பிய அறையைக் குறைந்தது ஓராண்டு மூடி வையுங்கள்; குளிர்ந்த ஊரென்றால் 2 ஆண்டு. உருளைப்புழு முட்டைகள் லேசில் சாவதில்லை. சிறுநீர்க் குழாயில் உலோகம் கூடாது, கூர்மையான வளைவும் கூடாது, உப்புப் படிந்து அடைக்கும். சிறுநீரை அப்படியே மண்ணில் இறக்கினால் பம்பில் நைட்ரேட் ஏறும். கேனில் பிடித்து வயலுக்குக் கொண்டுபோங்கள்.

வடிகால்:
செப்டிக் டேங்கை விட்டுவிடுங்கள். தொட்டியிலிருந்து வழிவது தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி நிறைந்த நீர். அதை உறிஞ்ச மண் வேண்டும், உங்கள் மண்ணோ மழையில் ஏற்கெனவே நிறைந்திருக்கும். சில ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுக்க லாரியும் வராது. இன்னொன்று, நீர்மட்டம் ஏறிய நேரத்தில் தொட்டியைக் காலிசெய்தால் அது மிதந்து எழும்பி, குழாயை முறித்துவிடும். ஆளை உள்ளே இறக்கி அள்ளுவது பற்றி யாரும் பேச்செடுக்கவே கூடாது. உள்ளே தேங்கும் வாயு நொடியில் கொல்லும்.

2022 கணக்கில் உலகில் திறந்த வெளிக்குப் போகிறவர்கள் 41.9 கோடி, பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் சுகாதார வசதி இல்லாதவர்கள் 350 கோடி. இந்த இரண்டாவது எண்ணில் கழிப்பறை கட்டிக்கொண்டவர்களும் ஏராளம். அவர்கள் கழிவு போய்ச் சேரும் இடம்தான் சரியில்லை.

கரைமேடு:
மேட்டுக் குழி, உலர் கழிப்பறை இரண்டுமே உயரத்தில் வருகின்றனவே. முதியவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் ஏறுவது எப்படி?

செங்கல்வரி:
மேட்டுக் குழிக்குக் கழிப்பறைத் தளம் ஏறத்தாழ 0.9 மீட்டர் உயரம் வரும். 12க்கு 1 சரிவில் கட்டினால் சாய்தளம் 11 மீட்டர் நீளும், நடுவே ஒரு சமதளமும் வேண்டும். இடம் இருந்தால் அதைத் திருப்பிக் கட்டலாம். இல்லையென்றால் அந்த வீடுகளுக்கு மட்டும் தரைமட்டத்திலேயே, மூடி போட்ட வாளியை எடுத்து மாற்றும் கழிப்பறை வையுங்கள். ஹைட்டியின் காப்-ஐசியன் நகரில் சாயில் (SOIL) என்ற தொண்டு அமைப்பு இப்படித்தான் வீடுவீடாகச் சேகரித்து உரமாக்குகிறது. வாரம் தவறாமல் எடுக்க ஆளும், உரமாக்க மேடான இடமும் உறுதியானால் மட்டும் இறங்குங்கள்.

கட்டுவதற்கு முன், ஒவ்வொரு மனையிலும் 2 மீட்டருக்குத் துளையிட்டு, உச்ச மழையில் நீர்மட்டத்தை அளந்து குறியுங்கள். 1 மீட்டர் என்பது எல்லா மனைக்கும் ஒன்றாக இருக்காது. எந்த வீட்டுக்கு எது என்பதை அந்த அளவை வைத்துப் பிரிக்கலாம்.