கூடலூரில் வாடகை வீடு: சுல்தான் பத்தேரிக்கு வேலைக்குச் செல்பவர்கள் எங்கே குடியிருக்கலாம்?

கேள்வி

வணக்கம். நீலகிரி மாவட்டக் கூடலூரில் உள்ள ஒரு வங்கிக் கிளைக்கு எனக்கு மாறுதல் வந்திருக்கிறது. மனைவிக்குச் சுல்தான் பத்தேரியில் செவிலியர் பணி கிடைத்துள்ளதால், அவர் பாட்டவயல் சோதனைச் சாவடியைக் கடந்து கேரளத்துக்குள் நாள்தோறும் சென்றுவர வேண்டும். என் பெற்றோர் மைசூரில் இருக்கிறார்கள். தேவர்சோலையை அடுத்து, தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக ஓர் ஓட்டு வீட்டைக் காட்டினார்கள். வாடகை மிகவும் குறைவு. ஆனால் வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதத் தயங்குகிறார். காரணம் என்னவாக இருக்கும்?

பதில் (கூடலூர் வாசி)

முதலில் அந்த வீடு எந்த நிலத்தில் நிற்கிறது என்று விசாரியுங்கள். ஜன்மம் என்பது பழைய பரம்பரை நிலவுடைமை; அதை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கி, உரிமை யாருக்கென்று தீராமல் கிடக்கும் நிலங்கள் இப்பகுதியில் ஏராளம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களிடமும் பட்டா இருக்காது. வீட்டுக்கு மின் இணைப்பு வாங்குவதே பெரும்பாடு. ஒப்பந்தம் என்றால் உரிமைப் பத்திரம் கேட்பார்களோ என்ற அச்சத்தில்தான் பலர் வாய்வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனவே அவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். மின்கட்டண அட்டை யார் பெயரில் இருக்கிறது, வீட்டு வரி ரசீது உண்டா, தனி மீட்டரா அல்லது பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த கம்பியா என்பதைப் பார்த்த பிறகு பேசுங்கள். என்னைக் கேட்டால், வங்கியில் முகவரிச் சான்று காட்ட வேண்டிய உங்களுக்கு, ஒப்பந்தம் எழுதித் தரும் டவுன் வீடே வாடகை கூடினாலும் நல்லது.

பதில் (பிதர்காட்டிலிருந்து)

சகோதரிக்கு இரவுப் பணி இருக்குமானால், வீட்டைப் பேருந்துச் சாலையை ஒட்டியே பாருங்கள். தோட்டத்துக்குள் அரை கிலோமீட்டர் நடந்துதான் சேர முடியும் என்றால், பலாப்பழக் காலத்தில் அந்த நடை சரிவராது; முற்றத்தில் பலா மரம் நிற்கும் வீட்டை யானை தேடியே வரும். பந்தலூர்ப் பக்கம் அரிசிக்காக வீடுகளை உடைத்துவந்த மக்னா யானையை (தந்தமில்லாத ஆண் யானை) 2022 டிசம்பரில் பிடித்து முதுமலையில் விட்டபோது, அடுத்த மாதமே அது சுல்தான் பத்தேரி டவுனுக்குள் போய் நின்றது. ஆகவே காட்டோர வீட்டில் அரிசி மூட்டையைச் சமையலறைச் சுவரோரம் அடுக்காதீர்கள்.

ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழை இங்கே கொட்டித் தீர்க்கும். இப்போது வெயிலில் பார்க்கும்போது வெள்ளையடித்த சுவர் அழகாகத்தான் தெரியும். கட்டில் போடும் மூலையில் கையை வைத்துப் பாருங்கள். அடிச்சுவர் சில்லென்று ஈரமாக இருந்தாலோ, பீரோவின் பின்பக்கம் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தாலோ, ஆடி மாதத்தில் துணி உலராது, புத்தகமும் மிஞ்சாது. ஓட்டு வீடாக இருப்பது குறையில்லை, தகரக் கூரையைவிட அதுவே மேல். வீட்டின் பின்னால் மண் திட்டு செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்.

பதில் (தொரப்பள்ளியிலிருந்து)

மைசூர்ப் பயணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதுமலை, பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. பெற்றோருக்கு நள்ளிரவில் உடல்நலம் குன்றினால் உடனே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. டவுனில் ஒரு வீட்டுக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். இது இங்கே வழக்கமா?

பதில் (கூடலூர் வாசி)

கேட்பதென்னவோ வழக்கம்தான். ஆனால் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணத்தின் அளவாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அலுவலரிடம் பதிவு செய்யவும் அது சொல்கிறது. அதைச் சொல்லி, சண்டையில்லாமல் ஐந்து மாதத்துக்காவது இறக்கிப் பாருங்கள். கொடுக்கும் தொகை முழுவதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மழை முடிந்தபின் வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.