அட்ஹியரன்ஸுக்குத் தமிழ்ச்சொல் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள

இழை தொடங்கியவர்:

எல்லாருக்கும் வணக்கம். நீரிழிவு, ரத்த அழுத்தம்னு வருஷக்கணக்கா மருந்து எடுக்கிறவங்களுக்கான ஒரு வினாத்தாளைத் தமிழாக்கிட்டு இருக்கோம், வெள்ளிக்கிழமை குடுத்தாகணும். தலைப்புலேயே முட்டி நிக்கிறோம். 'மெடிகேஷன் அட்ஹியரன்ஸ்', அதாவது பரிந்துரைச்ச மருந்தை ஒருத்தர் எந்த அளவுக்கு அதன்படி எடுத்துக்கிறார்ங்கறது.

முதல் வரைவுல 'மருந்து இணக்கம்'னு போட்டிருந்தோம். வெள்ளோட்டத்துல ஒரு அம்மா அதைப் படிச்சுட்டு "மருந்து எனக்கு நல்லா ஒத்துக்குதும்மா, வயித்தை ஒண்ணும் பண்ணலை"ன்னு சொல்லி, எல்லாக் கேள்விக்கும் முதல் கட்டத்துலயே டிக் போட்டுக் குடுத்துட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, இணக்கம்னா மருந்துக்கும் உடம்புக்கும் உள்ள இணக்கம்னுதான் யாரும் படிப்பாங்க. சரின்னு 'மருத்துவ அறிவுரைக்குக் கீழ்ப்படிதல்'னு மாத்தினோம். மறுமொழிபெயர்ப்பு பண்றவர், அதாவது மூலத்தைப் பார்க்காம நம்ம தமிழை மட்டும் வச்சு திரும்ப ஆங்கிலமாக்குறவர், அதை 'ஒபீடியன்ஸ்'னு அனுப்பிட்டார். ரெண்டும் போச்சு. நல்லதா ஒரு சொல் குடுங்க.

மருந்தாளுநர்:

அக்கா, 'கீழ்ப்படிதல்' வேண்டவே வேண்டாம். இந்தத் துறையே அதைத் தாண்டி வர முப்பது வருஷம் பட்டபாடு இருக்கு. 1970கள்ல சாக்கெட்டும் ஹெய்ன்ஸும் ஆராய்ச்சி பண்ணப்ப சொல் 'கம்ப்ளையன்ஸ்'. டாக்டர் சொல்றார், நோயாளி செய்றாரா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. அப்புறம் 1997ல பிரிட்டன்ல ராயல் ஃபார்மசூட்டிகல் சொசைட்டி 'கன்கார்டன்ஸ்'னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க, ரெண்டு பேரும் பேசி ஒத்துப்போறதுங்கற அர்த்தத்துல. 2003ல உலக சுகாதார நிறுவனத்தோட அறிக்கை வந்தப்ப அட்ஹியரன்ஸ்தான் நிலைச்சுது. அதுல வரையறையைப் பாருங்க, மருந்து எடுக்கிறது, உணவுமுறை, வாழ்க்கைமுறை மாற்றம் இதுல எல்லாம் ஒருத்தரோட நடத்தை, மருத்துவரோட பேசி *ஒப்புக்கிட்ட* பரிந்துரையோட எவ்வளவு பொருந்துதுன்னு இருக்கும். அந்த 'ஒப்புக்கிட்ட'தான் உயிர். வளர்ந்த நாடுகள்லயே நாள்பட்ட நோய்க்காரங்கள்ல சராசரியா 50 சதவீதம் பேர்தான் சரியா எடுக்கிறாங்கன்னு அதே அறிக்கை சொல்லுது. பாதிப் பேரைக் கீழ்ப்படியாதவங்கன்னு சொல்லிட முடியுமா?

தமிழாசிரியர் (ஓய்வு):

தங்கச்சிக்கு வணக்கம். சொல்லைத் தேடிப் போக வேண்டியதே இல்ல, நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு. கடைப்பிடி. கடைன்னா முடிவு, எல்லை. கடைசிவரைக்கும் பிடிச்சுக்கிறது. இறையனார் அகப்பொருள் உரையில தலைமகனுக்குரிய குணங்கள்னு அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடின்னு நாலு சொல்லி, கடைப்பிடி என்பது *கொண்ட பொருள் மறவாமை*ன்னு விளக்கம் தந்திருக்கு. யோசிச்சுப் பாருங்க, மருந்தை மறக்காம எடுக்கிறதுக்கு இதைவிடப் பொருத்தமா வேற என்ன கிடைக்கும். ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீன் வேர் 'ஒட்டிக்கொள்'. நம்மது ஒட்டுறதோட நிக்கல, முடிவுவரை கொண்டுபோகுது.

ஒரு வேண்டுகோள், 'கடைபிடி'ன்னு ப் இல்லாம எழுதாதீங்க. அது வாடகைக்குக் கடை பிடிக்கிறது.

தனித்தமிழ் அன்பர்:

கடைப்பிடிப்பு சரிதான் ஐயா, ஆனா நீட்டிப் பாருங்க. மருந்துக் கடைப்பிடிப்பின்மை, கடைப்பிடியாமை அளவுகோல், கடைப்பிடிப்பு மேம்பாட்டு இடையீடு. வாய் வலிக்குது. அதோட 'மருந்துக்கடை'ன்னு கண்ணு முதல்ல படிச்சுட்டு அப்புறம்தான் 'பிடிப்பு'க்கே போகுது. என் பரிந்துரை மருந்தொழுகல். ஒழுகுன்னா நெறிப்படி நடப்பது, ஒழுக்கம் அதிலேருந்துதான் வருது. ஒழுகல், ஒழுகாமை, ஒழுகுநர்னு கிளைச்சொல் எல்லாம் சுலபமா விரியும். கலைச்சொல்லுக்கு அதானே முதல் தகுதி.

செவிலியர்:

தம்பி தப்பா எடுத்துக்காதீங்க. மருந்தொழுகல்னு எங்க வார்டுல யாராவது சொன்னா நான் டிரிப்ஸ் பாட்டிலைத்தான் போய்ப் பார்ப்பேன், எங்கேயோ லீக் ஆகுதுன்னு.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒழுக்கம்ங்கற வாசனை. சர்க்கரை கூடினவங்க எங்க முன்னாடி உட்கார்றப்பவே தலையைக் குனிஞ்சுதான் உட்கார்றாங்க. அவங்க கையில 'மருந்து ஒழுகாமை'ன்னு ஒரு தாளைக் குடுத்தா உண்மை எப்படி வெளிய வரும்? எல்லாத்துக்கும் 'தவறாம எடுக்கிறேன்'னுதான் எழுதுவாங்க. இப்பவே பார்க்கிறோம், டாக்டரைப் பார்க்க வர்றதுக்கு முந்தின சில நாள் மட்டும் மாத்திரை ஒழுங்கா உள்ள போகும். மூடியில சிப் வச்ச மருந்துக் குப்பி, எப்பெல்லாம் திறந்தாங்கன்னு பதிவு பண்ணிடும், அதை வச்சு இதைக் கண்டுபிடிச்சு 'வெள்ளைக்கோட்டு அட்ஹியரன்ஸ்'னு பேரே வச்சிருக்காங்க.

தனித்தமிழ் அன்பர்:

கசியறதுன்னும் ஒரு பொருள் இருக்கு அக்கா, அதுக்காக நல்ல வேரை விட்டுட முடியாது. பழகினா காதுக்கு வந்துடும். பேருந்துன்னு முதல்ல சொன்னப்பவும் சிரிச்சாங்க.

மருந்தாளுநர்:

நடுவுல ஒரு யோசனை, 'பத்தியம்' ஏன் கூடாது? உணவு, பழக்கம், மருந்து மூணையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரே பழைய சொல் அதுதான். உலக சுகாதார நிறுவனத்து வரையறையும் அந்த மூணையும்தான் சேர்க்குது.

தனித்தமிழ் அன்பர்:

பத்தியம் வடசொல். பத்யம், 'பாதைக்கு உரியது'.

தமிழாசிரியர் (ஓய்வு):

வடசொல்னு தள்ளுறதா இருந்தா மாத்திரையையும்தான் தள்ளணும், அதுவும் வடசொல்தான். ஆனா தொல்காப்பியத்துலயே நிக்குது பாருங்க, 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை'. கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம், அதான் ஒரு மாத்திரை. அடிப்படைப் பொருள் அளவு. எழுத்துக்கு அளவு, அப்புறம் மருந்துக்கு அளவு. இப்ப நாம விழுங்குற வில்லைக்குப் பேராப் போய், அளவுங்கற பொருள் கரைஞ்சே போச்சு. டோஸுக்கு நீங்க 'மருந்தளவு'ன்னு தனியா ஒரு சொல் பண்ணி வச்சிருக்கீங்க, உண்மையில டோஸுக்குரிய சொல்தான் மாத்திரை! குறில் ஒரு மாத்திரை, நெடில் ரெண்டு மாத்திரை. காலையில குறில், ராத்திரி நெடில்னு சீட்டு எழுதினாக்கூட இலக்கணப்படி சரிதான். வடசொல்லை அதோட வடஎழுத்தை மட்டும் நீக்கிட்டு ஏத்துக்கலாம்னும் தொல்காப்பியரே விதி எழுதி வச்சிருக்கார், 'வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ'. இதைப் பத்தி இன்னும் ரெண்டு செய்தி இருக்கு, நாளைக்கு விரிவா எழுதுறேன்.

இழை தொடங்கியவர்:

ஐயா, நாளைக்கு வியாழன். 🙏

பத்தியம் எனக்கும் பிடிக்குது, ஆனா மக்கள் மனசுல அதுக்கு ஒரு முடிவு இருக்கு. இத்தனை நாள் இருந்தா போதும், அப்புறம் 'பத்தியம் முறிக்கிறது'. ரத்த அழுத்த மாத்திரைக்கு அந்த எண்ணம்தான் பெரிய ஆபத்து. அளவு நார்மல் ஆனதும் சரியாயிடுச்சுன்னு நிறுத்திடுறாங்க, அது நார்மலா இருக்கிறதே மாத்திரையாலதான்கிறது தெரியறதில்ல.

தமிழ் முதுகலை மாணவி:

முதல்முறையா எழுதுறேன், தப்பா இருந்தா சொல்லுங்க. ஐயா சொன்ன கடைப்பிடி எனக்கும் பிடிச்சிருக்கு, ஆனா அந்த உரையில அது தலைமகனுக்கு மட்டும் சொன்ன குணம், தலைமகளுக்கு நாண், மடம், அச்சம், பயிர்ப்புன்னு வேற நாலு. அதை மேற்கோள் காட்டித்தான் சொல்லை நிறுவணுமா? அதோட 'மறவாமை'ங்கிறது பாதிக்குத்தான் பொருந்துது. மறந்து விடுறவங்க இருக்காங்க, வேணும்னே விடுறவங்களும் இருக்காங்களே.

மருந்தாளுநர்:

தங்கச்சி சரியான இடத்தைத் தொட்டுட்டீங்க. ஆராய்ச்சியில அதை ரெண்டாத்தான் பிரிப்பாங்க. ஒண்ணு தெரியாம நடக்கிறது, அதாவது மறதி, குழப்பம், குப்பியைத் திறக்க முடியாம கை நடுங்குறது. இன்னொண்ணு தெரிஞ்சே செய்றது. 1999ல ஹோர்னும் வைன்மனும், மருந்து எனக்குத் தேவைங்கற நம்பிக்கை ஒரு தட்டுல, அதைப் பத்தின கவலை இன்னொரு தட்டுலன்னு வச்சுப் பார்த்தாங்க. கவலை கனமானா கை தானா மாத்திரையை விலக்கிடும். இவங்களுக்கு அலாரம் வச்சுக் குடுத்துப் பிரயோஜனமே இல்ல, உட்கார்ந்து பேசணும். மறக்கிறவங்களுக்குத்தான் அலாரம், பெட்டி எல்லாம். அதனால சொல்லுல இந்த ரெண்டும் தெரியணும்.

செவிலியர்:

எங்ககிட்ட வர்றவங்க வாயிலயே அது தெரியுதே! "மாத்திரை விட்டுப்போச்சு சிஸ்டர்"னு ஒருத்தர் சொன்னா மறந்துட்டார்னு அர்த்தம். "மாத்திரையை விட்டுட்டேன்"னா பெரும்பாலும் அவரா முடிவு பண்ணி நிறுத்தினது. கேட்கும்போதே குரல்ல வித்தியாசம் இருக்கும், விட்டுப்போச்சுன்னு சொல்றவர் சிரிப்பார், விட்டுட்டேன்னு சொல்றவர் என் முகத்தைப் பார்ப்பார், திட்டுவேனான்னு.

தமிழாசிரியர் (ஓய்வு):

அம்மா, அருமை. இது முழுக்க இலக்கணம். 'மாத்திரை விட்டுப்போச்சு'ல எழுவாய் மாத்திரை, மனுஷனே வாக்கியத்துல இல்ல. 'மாத்திரையை விட்டுட்டேன்'ல எழுவாய் நான், மாத்திரை ரெண்டாம் வேற்றுமை ஏத்து நிக்குது. ஒரு ஐ உருபு வந்து பொறுப்பு யாரோடதுன்னு காட்டிடுது. நாற்பது வருஷம் வேற்றுமை நடத்தியிருக்கேன், இந்த உதாரணம் எனக்குக் கிடைக்காமப் போச்சே.

இழை தொடங்கியவர்:

இதைப் படிச்சதும் வினாத்தாளைத் திரும்ப எடுத்தேன். மூலத்துல தெரியாம விடுறது, தெரிஞ்சே விடுறதுன்னு விளக்கி விளக்கி நீளமா இருந்த ரெண்டு கேள்வி, இப்ப "கடந்த வாரத்துல மாத்திரை விட்டுப்போனது உண்டா?", "நீங்களா முடிவு பண்ணி மாத்திரையை விட்டது உண்டா?"ன்னு ஆயிடுச்சு. மறுமொழிபெயர்ப்புல ரெண்டும் சரியா வந்துடுச்சு.

ஆனா ஒரு சிக்கல். 'விட்டுட்டேன்' ஒரு வேளை மாத்திரையை மட்டும் விட்டதுக்கும் வருது, மொத்தமா நிறுத்தினதுக்கும் வருது. 2012ல வந்த வகைப்பாட்டுல மூணு கட்டம் இருக்கு, தொடங்குறது, அப்புறம் சொன்ன அளவுல நடத்திக்கிட்டுப் போறது, கடைசியா நிறுத்துறது. நடுவுல ஒண்ணு விடுறதும் கடைசியில நிறுத்துறதும் ஒண்ணாயிடக் கூடாது.

மருந்தாளுநர்:

நிச்சயமா கூடாது. ஒரு நாளைக்கு ரெண்டுன்னா முப்பது நாளைக்கு 60 மாத்திரை. 80 சதவீதம் எடுத்தா சரின்னு ஒரு வழக்கமான கோடு போடுவாங்க, அப்ப 12 விடலாம். அந்தப் பன்னிரண்டை அங்கொண்ணு இங்கொண்ணா விட்டவரும், தொடர்ந்து ஆறு நாள் ஒண்ணுமே போடாதவரும் தாள்ல ஒரே 80தான். உடம்புக்குள்ள ரெண்டும் ஒண்ணா? கடைசி கட்டத்துக்கு 'நிறுத்தம்'னே போடுங்க, 'விட்டது' வேண்டாம்.

தனித்தமிழ் அன்பர்:

வினாத்தாள் நல்லா வந்திருக்கு, மறுக்கல. ஆனா இழையோட கேள்வி கலைச்சொல். பேச்சுவழக்கு வாக்கியத்தை வச்சு ஆய்வுக்கட்டுரை எழுத முடியாது. பேர்ச்சொல் வேணும், அது கிளைக்கணும்.

தமிழாசிரியர் (ஓய்வு):

கலைச்சொல்னாலும் யாருக்காகன்னு ஒரு கேள்வி இருக்கே. 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வான்'னு மருத்துவத்தை நாலு கூறாப் பிரிச்ச குறள், உற்றவனைத்தான், நோயாளியைத்தான், முதல்ல வச்சிருக்கு. தீர்ப்பான் ரெண்டாவதுதான். உழைச்செல்வான், நம்ம செவிலியர் அம்மா மாதிரி பக்கத்துல இருந்து பார்த்துக்கிறவங்க, அவங்களுக்கும் ஒரு கூறு. நாலு கூறுல முதல் கூறான உற்றவனுக்குப் புரியாத சொல் எதுக்கு?

தலைமகன் விஷயத்துல மாணவி சொன்னது நியாயம். மேற்கோளை விட்டுடலாம், சொல்லை விட வேண்டாம்.

இழை தொடங்கியவர்:

எல்லாருக்கும் நன்றி. தனிமடல்ல கருத்து சொன்னவங்களையும் சேர்த்து ஒன்பது பேர். கடைப்பிடிப்பு ஆறு, ஒழுகல் ஒண்ணு, பத்தியம் ஒண்ணு, 'அட்ஹியரன்ஸ்னே எழுதிடு' ஒண்ணு. எங்க அறிக்கையில 'மருந்து கடைப்பிடிப்பு'ன்னு போடுறேன், நடுவுல க் போடல, 'மருந்துக்கடை' தொல்லைக்காக. ஐயா மன்னிக்கணும். வினாத்தாள்ல பேர்ச்சொல்லே கிடையாது, தலைப்பு 'நீங்க மருந்து எடுத்துக்கிற விதம்'. கேள்விகள்ல 'டாக்டர் சொன்னபடி'ங்கறதையும் எடுத்துட்டு 'டாக்டரும் நீங்களும் பேசி முடிவு பண்ணபடி'ன்னு மாத்தியாச்சு, வரையறையில இருக்கிற 'ஒப்புக்கிட்ட' வரணும்னு.

தமிழாசிரியர் (ஓய்வு):

க் வரலாம், வராமலும் இருக்கலாம், எந்த வேற்றுமைத்தொகைன்னு ஒரு விவாதம் பண்ணலாம், இப்ப வேண்டாம். 'கடைப்பிடி'ல உள்ள ப்பை மட்டும் காப்பாத்திடுங்க.

தனித்தமிழ் அன்பர்:

என் மறுப்பைப் பதிவு பண்ணிக்கோங்க. ஒழுகல்தான் சரி. அடுத்த தொகுப்பு வரும்போது மறுபடி எழுப்புவேன்.

செவிலியர்:

அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு. 'டாக்டரும் நீங்களும் பேசி முடிவு பண்ணபடி'ங்கற கேள்வியை இன்னைக்கு வார்டுல ரெண்டு பேர்கிட்ட படிச்சுக் காட்டினேன். ரெண்டாவது ஆள் பேனாவைக் கீழ வச்சுட்டு, "எங்கிட்ட யாரும் பேசலையே சிஸ்டர், சீட்டுதானே குடுத்தாங்க, இதுக்கு எதை டிக் போடறது?"ன்னு கேட்டார். அதுக்கு ஒரு கட்டம் வேணும்.

இழை தொடங்கியவர்:

மூலத்துல அப்படி ஒரு கட்டம் இல்ல அக்கா. மொழிபெயர்ப்புல நாங்களா சேர்க்க அனுமதியும் இல்ல. மூல ஆசிரியர் குழுவுக்கு எழுதிக் கேட்டிருக்கேன், வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வராது.