திங்கள்சந்தையில் அப்பாவின் சலூன்: இந்த நோட்டைப் பற்றி யாருக்காவது தெரியுமா?

கேள்வி

குமரி மாவட்டம் திங்கள்சந்தை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பச்சைக் கதவு போட்ட ஒற்றை நாற்காலி சலூனில் முடி வெட்டிக்கொண்டவர்கள் இங்கே இருந்தால் பதில் எழுதுங்கள். கடைக்காரரின் இளைய மகள் நான். அப்பா போன ஆடியில் காலமானார். ஆண்டு நினைவு நாளுக்கு அவரைப் பற்றிச் சிறிய புத்தகம் ஒன்று அச்சிட அக்காவும் நானும் நினைத்திருக்கிறோம்.

வீட்டு அப்பாவை எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு முந்திரி ஆலையில் வேலை. விடியும் முன்பே கிளம்பிவிடுவார். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு அவர் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். சீப்பைப் பிடித்தாலே எரியும் என்பார். அதனால் பள்ளிக்கூட நாட்களில் எங்கள் இருவருக்கும் தலை பின்னிவிட்டது அப்பாதான். வகிடு நூல் பிடித்தது போல இருக்கும். ரிப்பன் கட்டி முடித்ததும் எங்களைத் திருப்பி நிறுத்தி, இரண்டு பின்னலும் ஒரே உயரம்தானா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். சரியில்லை என்றால், பஸ் வந்து நின்றாலும் அவிழ்த்துத் திரும்பப் பின்னுவார்.

அவருடைய பெட்டியில் கத்தி தீட்டும் தோல்வார், படிகாரக் கட்டி, கத்தரிகளுக்கு அடியில் ஒரு நோட்டு கிடைத்தது. பணக் கணக்கு இல்லை. "தறிக்காரர் வீடு", "குளத்தங்கரை சார்" என்று அடையாளங்கள், எதிரே தேதிகள். எல்லாம் செவ்வாய்க்கிழமைகள். சில பெயர்கள் மேல் கோடு இழுத்திருக்கிறது. செவ்வாய் கடைக்கு விடுமுறை. "ஓர் ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று காலையில் சைக்கிளில் போவார். மாலையில் எங்களை முட்டம் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். எந்த ஆள் என்று அம்மா அப்போது கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்.

பதில் 1 (இரணியலிலிருந்து)

தங்கச்சி, அந்தத் தறிக்காரர் என் அப்பா. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, கட்டிலோடு கிடந்தார். உன் அப்பா மாதம் ஒரு செவ்வாய் தவறாமல் வருவார். விழுந்த பக்கத்துக் கன்னம் தொங்கிப் போயிருந்ததால் கத்தி ஓடாது. வாய்க்குள் விரல் விட்டுக் கன்னத்தை உள்ளிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மழிப்பார். பெற்ற பிள்ளைகள் நாங்களே அதைச் செய்யத் தயங்கினோம். வேலை முடிந்ததும் கண்ணாடியை அப்பாவின் நல்ல கைக்குக் கொடுத்து, "அண்ணாச்சி, மீசை போதுமா, இன்னும் குறைக்கவா?" என்று கேட்பார். பேச முடியாத மனிதரிடம் கேட்பார், பதில் வரும்வரை காத்திருப்பார்.

காசு வாங்கமாட்டார். அம்மா எங்கள் விளையில் வெட்டிய மட்டி வாழைப்பழக் குலையைச் சைக்கிளில் கட்டிவிடுவார். அதை மட்டும் மறுக்கமாட்டார். கோடு போட்டவை இறந்தவர்களின் பெயர்களாக இருக்கும். எங்கள் பெயர் மேல் கோடு இருக்கிறதா, பார்த்துச் சொல்.

பதில் 2 (குளச்சல்)

அந்த மட்டிப்பழம் கடைக்குள் கயிற்றில் தொங்கும். முடி வெட்டி இறங்கும் குழந்தைக்கு ஒன்று. 2023-இல் நம் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கடைதான் நினைவுக்கு வந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். அண்ணாச்சி பெட்டியோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். என் தலையில் கடல் மண் அடை அடையாக ஒட்டியிருந்தது. முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, விரலாலேயே உதிர்த்தார். விரித்திருந்த செய்தித்தாளில் முடியைவிட மணல்தான் அதிகம் விழுந்தது. "மக்களே, வலித்தால் சொல்" என்பதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் வீட்டில் யார் போனார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

பதில் 3 (தக்கலை, சலூன் தொழில்)

நான் அவரிடம் தொழில் கற்றவன். கடையில் விலைப்பட்டியல் மாட்டியதே இல்லை. மேசை இழுப்பறை திறந்தே இருக்கும். காசைப் போட்டுவிட்டு மீதியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பார், அந்த நேரத்தில் முதுகைத் திருப்பிச் சீப்பு கழுவுவார். சிலர் போடாமல் போகிறார்கள் என்று நான் ஒருநாள் சொன்னேன். "இல்லாதவன் எப்படிப் போடுவான்? அவனை நீ ஏன் பார்க்கிறாய்?" என்று கோபப்பட்டார். அவர் என்னைக் கடிந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். நான் தனிக்கடை போட்டபோது முதல் கத்தரியை வாங்கித் தந்தவரும் அவரே.

நாற்காலியை விற்றுவிடாதீர்கள், தங்கச்சி. வைக்க இடம் இல்லையென்றால் நான் எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகளை உட்காரவைக்கக் கைப்பிடிகள் மேல் போடும் பலகையும் இருந்தால் கொடுங்கள்.

கேட்டவர்

இரணியல் அக்கா, இருக்கிறது, கோடும் இருக்கிறது. அம்மாவுக்கு உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னார். உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

தக்கலை அண்ணா, நாற்காலி உங்களுக்குத்தான். பலகையும் இருக்கிறது, ஒரு முனை மட்டும் விரிசல் விட்டிருக்கிறது. வேன் கொண்டுவாருங்கள்; நாற்காலி நல்ல கனம். குளச்சல் அண்ணா, நீங்கள் எழுதியதைப் புத்தகத்தில் அப்படியே சேர்க்க அனுமதி தாருங்கள். "குளத்தங்கரை சார்" வீட்டைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்தப் பெயர் மேல் கோடு இல்லை. அவருக்கு இப்போது யார் முடி வெட்டுகிறார்கள் என்று தெரிய வேண்டும்.