‘லைட் ஹார்னெஸ்’ குதிரைக்குச் சொல்: சேணம் வேண்டாம்

அண்ணே, வணக்கம்.

ஹாக்னி குதிரைக் கட்டுரையில் வரும் ‘லைட் ஹார்னெஸ்’ குதிரைக்கு நீங்கள் தந்த ‘இலகு சேணப்புரவி’ ஓசைக்கு அழகுதான். ஹார்னெஸ் என்பது குதிரையை வண்டியோடு பிணைக்கும் வார். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. சேணம் முதுகில் போட்டு ஏறி உட்கார்வது. வண்டிக் குதிரைக்கு வேலை நெஞ்சில். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அய்யா காலத்து ஜட்கா வார் ஒன்று ஆணியில் தொங்குகிறது. நெஞ்சில் படும் இடம் மட்டும் நாலு விரல் அகலம். உள்பக்கம் வியர்வை ஊறிக் கறுத்து, தடவினால் வழுக்கும். அது மேலே ஏறினால் குதிரைக்கு மூச்சு முட்டும், கீழே இறங்கினால் தோள் அசையாது. நுகமும் பொருந்தாது, அது மாட்டின் கழுத்துக்கு.

‘வண்டி பூட்டியாச்சா?’ என்றுதானே கேட்போம்? வாரால் பூட்டுவது வார்ப்பூட்டு. ஹார்னெஸுக்கு அதையே வைக்கலாம்.

‘லைட்’ என்பது இழுக்கிற வண்டியைப் பற்றியது. பாரவண்டி மாடு வேறு, வில்வண்டி மாடு வேறு என்பது நம் பக்கம் தெரிந்ததுதான். ஆகவே வில்வண்டிக் குதிரை. ஹாக்னிக்கு அப்படியே பொருந்தும். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி இனம். 1755இல் பிறந்த ஷேல்ஸ் என்ற பொலிகுதிரையின் வழி. முழங்காலை உயரத் தூக்கி, முன்வலக்காலும் பின்னிடக்காலும் ஒருசேர எழ ஓடும். 1883இல் நாரிச்சில் சங்கம் வைத்து வம்சப் பதிவேடு தொடங்கினார்கள். மோட்டார் வந்து பிழைப்பைப் பறித்தது. இன்று பிறந்த நாட்டிலேயே அருகிவரும் இனம். சொல்லாவது சரியாக அமையட்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

புரவியும் வேண்டாம் அண்ணே. நமக்குப் புரவி என்றால் வேளார் மண்ணில் வனைந்து, புரவியெடுப்புத் திருவிழாவில் தோளில் வரும் அய்யனார் குதிரை. அதை வண்டியில் பூட்ட எனக்கு மனமில்லை.

---

தம்பி, வார்ப்பூட்டு நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன். புரவியையும் விட்டுவிட்டேன். ஆனால் ஹாக்னி ஏறுவதற்கும் உரிய இனமாச்சே? வில்வண்டிக் குதிரை என்றால் பாதி விட்டுப்போகுமே.

---

உண்மை அண்ணே. வில்வண்டிக் குதிரை தொழிலின் பெயர், இனத்தின் பெயராகாது. ஹாக்னிக்கான விளக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

ஹாக்னி: ஏறவும் வில்வண்டியில் பூட்டவும் ஏற்ற, அருகிவரும் குதிரை இனம்.