போர் தண்ணீரில் துவைத்தால் வெள்ளைத் துணி மங்குகிறது, என்ன செய்யலாம்?

அல்சூர் வாடகை வீடு:
பெங்களூர் வந்து மூன்று மாதம் ஆகிறது. மெஷின் இல்லை, வாளியில் ஊறவைத்துக் கையால்தான் துவைக்கிறேன். வீட்டில் போர் தண்ணீர் அதிகம், காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். சலவை சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரையே வரவில்லை, வெள்ளைச் சட்டைக் காலர் சாம்பல் நிறமாகிவிட்டது, காய்ந்த துண்டு அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறது. ஊரில் இதே சோப்புதான், ஒரு தொல்லையும் இல்லை.

மாடிக்கொடி:
அது கடினநீர்ங்க. அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் பார்க்கும் சாம்பல் பெரும்பாலும் அந்தப் படிவுதான். டிடர்ஜென்ட் பவுடருக்கு மாறுங்கள். ஒரு வாளிக்கு ஒரு ஸ்பூன் சலவை சோடாவை (ஆப்ப சோடா இல்லை) முதலில் கரைத்துவிட்டு அப்புறம் பவுடர் போட்டால் நுரை வரும், ஆனால் கை எரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டு, கம்பளிக்கு சோடா வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது மாடி:
காவிரித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் அதை எடுங்கள். அதுவும் இல்லாத நாளில் வாளித் தண்ணீரில் கால் டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றி அலசுவேன், துண்டு மெதுவாகிவிடும். பிளீச்சோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

அல்சூர் வாடகை வீடு:
ரொம்ப நன்றி. சோடா மளிகைக் கடையிலேயே கிடைக்குமா?

மாடிக்கொடி:
கிடைக்கும், வாஷிங் சோடா என்று கேளுங்கள்.