அமிகா 500 வைத்துக் கட்டிய ஆர்க்கேட் பெட்டி: பச்சைத் திரை, உதவி வேண்டும்

நண்பர்களே, 1980களின் கடைசியில் மாஸ்டர்ட்ரானிக் என்ற பிரிட்டிஷ் கேம் நிறுவனம் கொண்டுவந்த, காசு போட்டு விளையாடும் ஆர்க்கேடியா பெட்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. உள்ளே இருப்பது வீட்டுக் கணினியான கமோடோர் அமிகா 500இன் போர்டேதான், விளையாட்டுகள் மட்டும் ஃப்ளாப்பிக்குப் பதிலாக ரோம் சிப்கள் பதித்த தனி போர்டில் வரும். ஸீனான், சைட்வைண்டர் போன்ற விளையாட்டுகள் எல்லாம் இப்படி ஓடியவை. எனக்கு இந்த வகைப் பெட்டிகள் மேல் தனிப் பிரியம்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். சுவிட்சைப் போட்டால் திரை பச்சையாகி அப்படியே நின்றுவிடுகிறது. அமிகாவில் பச்சை என்றால் சிப் ராம் (கிராபிக்ஸ், ஒலி சிப்களும் பயன்படுத்தும் நினைவகம்) கோளாறு, சிவப்பு என்றால்தான் கிக்ஸ்டார்ட் ரோம் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள் உள்ள சிப்) கோளாறு, அது தெரியும். ஆனால் அந்த நினைவகத்தை நிர்வகிக்கும் ஆக்னஸ் சிப் சாக்கெட்டில் சரியாக உட்காராவிட்டாலும் இதே பச்சை வரலாமே, அதனால் ராம் சிப்களைப் பிடுங்கும் முன் எதை முதலில் பார்ப்பீர்கள்? மின்சப்ளையின் 5 வோல்ட் சரியாக இருக்கிறது. விளையாட்டு போர்டைக் கழற்றிவிட்டுப் போட்டாலும் அதே கதை.

இன்னொன்று, சாதாரண அமிகா 500 போர்டை மாற்றிப் போட்டுவிடு என்று சிலர் சொல்கிறார்கள். முடிந்தவரை பழைய போர்டையே காப்பாற்ற ஆசைப்படுகிறேன். அப்புறம், விளையாட்டுகள் பதிந்துள்ள பழைய ஈப்ராம்களில் (அழித்து எழுதக்கூடிய ரோம் சிப்கள்) உள்ளது அழிந்துபோகும் முன் நகல் எடுக்க வேண்டும், அதைச் செய்தவர்கள் எந்தக் கருவி பயன்படுத்தினீர்கள்? இதே பெட்டி வைத்திருப்பவர்கள் உள் வயரிங் படம் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.